காரில் சுறா எண்ணெய் ஊற்றியது நானே

பெயர்: பெரியநாயகி. வயது: நாற்பத்து நான்கு. கணவர்: பூமிநாதன், கோர்ட்டில் தலைமை எழுத்தர். படிப்பு: சென்னையில் பி.ஏ. இருப்பிடம்: காரைக்கால், கோவில் பின்தெரு, கார் கொட்டகை உள்ள மாடி வீடு. நாள்: 1956 செப்டம்பர் 12, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி.

இதை ஏட்டையா எழுதத் தொடங்கினார். நான் சொன்ன நான்கு பக்கத்தை "தவறுதலாக எண்ணெய் மாற்றிவிட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதனால் இன்ஸ்பெக்டர் அவர்களின் அனுமதி பெற்று நானே என் கையால் எழுதுகிறேன்.

சென்ற எட்டாம் தேதி சனிக்கிழமை காலை நான் முதலில் செய்தது, எங்கள் வீட்டில் சமையல் செய்யும் செல்லத்தை மீன் வாங்கிவரக் காரைக்கால்மேட்டுக்கு அனுப்பியதுதான். வீட்டில் மீன் இருந்தது. "மீனு கெடக்கேம்மா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டாள். "வேற மீனா பாத்து வாங்கிட்டு வா, அவசரமில்ல" என்றேன். அவள் திரும்பி வர எப்படியும் பதினொரு மணி ஆகும். என் கணவர் எட்டு மணிக்கே கோர்ட்டுக்கு நடந்து போய்விட்டார். அதன் பிறகு நான் வாசல் கதவைத் தாழிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள் அஞ்சுகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்து அன்றைக்கு இருபத்து மூன்று நாள். பத்து நாளாக அவளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று மாப்பிள்ளை இரண்டு கடிதம் எழுதியிருந்தார். நான் போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். காரில் எண்ணெய் மாற்றாமல் அவ்வளவு தூரம் எடுக்க முடியாது, அதற்குப் புதுச்சேரியிலிருந்து மெக்கானிக் வர வேண்டும் என்று என் கணவர் ஒவ்வொரு நாளும் சொன்னார். பஸ்ஸில் போகிறேன் என்றதற்கு, தலைமை எழுத்தர் வீட்டுப் பெண் பஸ்ஸில் போவதில்லை என்றார்.

எங்கள் டிரைவர் ஹமீது பன்னிரண்டு வருடமாக எங்களிடம் வேலை செய்கிறார். என் நிலையைப் பார்த்து, அவரே கடைக்குப் போய்ப் புது எண்ணெய் டின் ஒன்று வாங்கிவந்து கொட்டகையில் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை என் கணவரிடம், "நானே மாத்திடுறேங்க ஐயா, ஒரு மணி நேர வேலைதான்" என்றார். என் கணவர், "ஓட்டுறதோட நிறுத்திக்க. எனக்கு யோசன சொல்ல ஒனக்குச் சம்பளம் குடுக்கல" என்றார். "அப்ப ஓட்டுறதுக்கும் வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஹமீது சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் கணவர் கொடுத்த புகாரில் ஹமீதுக்குப் பகை இருந்தது என்று எழுதியிருப்பது இந்தப் பேச்சைத்தான். இந்தப் பேச்சே என்னால் வந்தது. எண்ணெய் மாற்றிவிட்டால் என் கணவர் சொல்ல வேறு காரணம் இருக்காது என்று அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலைத் தாழிட்ட பிறகு, புடவையோடு கார் அடியில் நுழைய முடியாது என்பதால் என் கணவரின் பழைய காக்கிக் கால்சட்டையைப் போட்டு, இடுப்பில் ஒரு நாடாவால் கட்டிக்கொண்டேன். எனக்கு மோட்டார் எண்ணெய் வாடை பிடிக்காது. ஆகவே ஒரு கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை நிறைய விட்டு மூக்கின் மேல் கட்டிக்கொண்டேன். இந்தக் கைக்குட்டைதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகம் எங்களிடம் உண்டு. எனக்கு அதை வாசிக்கத் தெரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எவ்வளவு சூடு என்று போடவில்லை. ஹமீது செய்வதைப் பார்த்துப் பழகியிருந்ததால் எஞ்சினைக் கிளப்பி அரை மணி நேரம் ஓடவிட்டேன். அதன் பிறகு கோரைப்பாயை விரித்து, புத்தகத்தின் படத்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு மல்லாந்தபடி உள்ளே போனேன். நான் தலையைக் காரின் பின்பக்கமாக வைத்துப் படுத்திருந்தேன். ஆகவே படத்தில் முன்னால் இருந்தது எனக்குப் பின்னால் இருந்தது. நான் முதலில் கழற்றியது எஞ்சினின் திருகு அல்ல, கியர் பெட்டியின் திருகு. தேன் பதத்தில் கெட்டியான எண்ணெய் இறங்கியது. இவ்வளவு கெட்டுப்போன எண்ணெயை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினார் என்று என் கணவர் மேல் இரக்கம்கூட வந்தது.

முழுவதும் வடிந்த பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. அந்த எண்ணெயைத் திரும்ப உள்ளே செலுத்தியாக வேண்டும், அதற்கான துளை பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது, கையால் ஊற்ற முடியாது. அதனால் அதை அடுப்பில் வைத்து இளக்கி, வீட்டிலிருந்த எனிமா டப்பாவில் ஊற்றி, டப்பாவைக் கொட்டகைச் சுவர் ஆணியில் மாட்டி, ரப்பர் குழாய் வழியாக உள்ளே இறக்கினேன். ஏட்டையா சிரித்தது இந்த இடத்தில்தான். சிரிக்கட்டும், ஆனால் எழுத வேண்டும். இதை ஹமீது செய்திருந்தால் எனிமா டப்பா அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்? அது எங்கள் படுக்கையறை அலமாரியில் இருப்பது.

அதன் பிறகு எஞ்சினின் திருகைக் கழற்றினேன். எண்ணெய் கொதித்துக்கொண்டு வந்து என் வலது மணிக்கட்டில் விழுந்தது. புண் இப்போதும் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அவர்கள் பார்த்தார்கள். கையை உதறியதில் திருகு உருண்டு சக்கரத்துக்கு அப்பால் போய்விட்டது. கீழே வைத்திருந்த இட்லிப் பானை நிரம்பி வழியத் தொடங்கியது. வேறு வழி தெரியாமல் முந்தானையைத் தேடினேன். முந்தானை இல்லை. பிறகு கைக்குட்டையின் ஒரு முனையைக் கிழித்துக் கட்டைவிரலில் சுற்றி அந்தத் துளையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அஞ்சுகத்துக்கு இந்நேரம் காய்ச்சல் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தேன். அவள் நான் வருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் இங்கே ஒரு துளையை விரலால் மூடிக்கொண்டு கிடக்கிறேன் என்று நினைத்தேன். அழுதேன்.

அப்போது அடுத்த வீட்டுக் கமருன்னிசா மதில் அருகில் வந்து, "அக்கோவ், அடுப்புல என்ன வச்சீங்க? ஒரு மாதிரி கருகுது" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நான் பூசையில இருக்கேன்" என்றேன்.

"பூச கார் கொட்டாயிலயா நடக்குது?"

"ஆமா, வண்டிக்கு."

"வெள்ளிக்கெழமதானே வண்டிக்குப் போடுவீங்க? இன்னிக்கிச் சனியாச்சே."

"நேத்திக்கு மறந்துபோச்சு."

"சரி, அழுதுக்கிட்டே சாமி கும்புடுறீங்க, கேக்காம எப்புடிப் போறது. எதுவும் வேணும்னா கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை விசாரித்தால் ஒன்பதே முக்கால் மணி வாக்கில் கொட்டகைக்குள் இருந்தது ஹமீது அல்ல, நான் என்று சொல்வாள்.

அதன் பிறகு காலால் துழாவித் திருகை இழுத்துப் பூட்டினேன். எண்ணெய் கசியாமல் இருக்கத் திருகோடு ஒரு சிறிய செப்பு வளையம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அது நேற்றுப் பாயின் மடிப்பில் கிடைத்தது. இந்த வாக்குமூலத்துடன் ஒப்படைக்கிறேன்.

இனி சுறா எண்ணெய் விஷயம். எங்கள் ஊரில் கார்க்காரர்கள் காலி செய்யும் எண்ணெய் டின்கள் எல்லாம் கடற்கரைக்குத்தான் போகும். படகுகளுக்குப் பூசும் சுறா எண்ணெயை அதில்தான் பிடித்து வைப்பார்கள். செல்லத்தின் கணவர் முத்தையன் கிளிஞ்சல்மேட்டில் படகு வைத்திருக்கிறார். உப்புக்காற்றில் கொட்டகைக் கதவு அரித்துப்போகிறது, பூசுங்கள் என்று ஆடி மாதம் ஒரு டின் நிறையச் சுறா எண்ணெய் கொடுத்தனுப்பினார். அது ஹமீதே போன வருடம் கொடுத்த டின். ஆகவே கொட்டகையில் ஒரே நிறத்தில், ஒரே முத்திரையோடு இரண்டு டின்கள் இருந்தன. ஒன்று மூடி உடைக்காதது. மற்றது திறந்தது. சுறா எண்ணெய் அப்போது எனக்கு நினைவில்லை. மாற்றுவதற்குத் தயாராக ஹமீதே திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, திறந்த டின்னை எடுத்தேன். பொன்னிறமாக இருந்தது. புது எண்ணெய் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. மூக்கில் நீலகிரித் தைலம் தவிர வேறு வாடை இல்லை. புனல் வைத்து முழுவதையும் ஊற்றினேன். மூடி உடைக்காத டின் இப்போதும் கொட்டகையில் இருக்கிறது.

அதற்குப் பின் குளித்தேன். கால்சட்டையையும் பழைய எண்ணெயோடு இட்லிப் பானையையும் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தேன். ஆள் அனுப்பினால் இடத்தைக் காட்டுகிறேன்.

மாலை என் கணவர் வந்ததும், "ஆயில் மாத்தியாச்சுங்க. நாளைக்கு நாகப்பட்டினம் போவலாமா?" என்று கேட்டேன். "ஹமீது வந்தானா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஹமீது வந்ததாக அவர் எடுத்துக்கொண்டார். இந்த விவகாரத்தில் என் குற்றம் எது என்று கேட்டால், எண்ணெயைச் சொல்ல மாட்டேன். அந்தப் பதில் சொல்லாத நேரத்தைத்தான் சொல்வேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "திங்கக்கெழம வரிச்சிக்குடி வயலு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை அவரே காரை ஓட்டிக்கொண்டு போனார். இனி எழுதுவது நான் நேரில் கண்டதல்ல, செல்லம் சொன்னது. மார்க்கெட்டைத் தாண்டும்போதே காரிலிருந்து மீன் வறுக்கும் வாடை வந்திருக்கிறது. புகையும் வந்திருக்கிறது. கூடையோடு நின்ற மீன்காரப் பெண்கள், "ஐயா, என்ன மீனுங்க, வஞ்சிரமா?" என்றும், "எங்களுக்கும் ஒரு துண்டு போட்டுட்டுப் போங்க" என்றும் கேட்டிருக்கிறார்கள். நாய்கள் பின்னால் ஓடியிருக்கின்றன. திருகின் வழியாக எண்ணெய் ஒழுகிக்கொண்டே போய், வரிச்சிக்குடிக்கு ஒரு மைல் இருக்கும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டு மாடுகளைக் கட்டி அதே மார்க்கெட் வழியாக இழுத்து வந்தார்கள். என் கணவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை, ஹமீது பகை வைத்துக் காரைக் கெடுத்துவிட்டார் என்று அவர் புகார் கொடுத்தார். அன்று பிற்பகல் போலீஸார் ஹமீதை அழைத்துப் போனார்கள். மாலை அவர் மனைவி ஆஸியா பீவி எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். "அம்மா, சொறா எண்ண வாடையே அவுகளுக்கு ஆவாதும்மா. படகுப் பக்கம் போனாலே வாந்தி எடுக்குற மனுசன். லைசென்ஸ புடுங்கிட்டா வேற எந்த வண்டியத் தொடுறது? அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அவுக செய்யல" என்றாள். நான் "எனக்குத் தெரியும்" என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். அதன் பிறகு போய்விட்டாள்.

சாப்பாட்டின் போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாகப்பட்டினத்துக்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு நாள்ல தானா விட்டுருவாங்க. நீ வாயத் தொறக்காத. என் கால்சட்டைய மாட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில கெடந்தேன்னு ஊருக்குச் சொல்லப் போறியா?" என்றார்.

"ஹமீது உள்ள இருக்காருங்க" என்றேன்.

"அவன் இருப்பான். நான் நாளைக்கு அந்த மார்க்கெட்டு வழியா நடக்கணும்" என்றார்.

இன்று காலை அவர் கோர்ட்டுக்குப் போன பிறகு நான் இங்கே வந்தேன். இன்ஸ்பெக்டர் அவர்கள் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். "ஐயாவும் நானும் நல்ல பழக்கம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க, ஐயாவே வந்து முடிச்சுக்குவாரு" என்றார்கள். டிரைவர்மேல் இரக்கப்பட்டு நான் பழியை ஏற்பதாக நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. பி.ஏ. படித்தவர் இவ்வளவு முட்டாள்தனமாகச் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதினேன். இத்தனை தவறுகளையும் கற்பனையாகச் சொல்ல எனக்குத் திறமை கிடையாது.

மேலே எழுதியவற்றில் நான் செய்ததைச் செய்ததாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவுமே எழுதியிருக்கிறேன். யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. ஒருமுறை படித்துப் பார்த்தேன், ஒரு வரியையும் அடிக்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் ஒன்று எழுத வேண்டும். இதை என் கணவரிடமும் ஆஸியா பீவியிடமும் சொல்லவில்லை. ஹமீதை இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கோர்ட்டில் நிறுத்துவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் அவரை விட்டுவிட்டால் நான் இங்கிருந்து நேரே பஸ் ஏறி அஞ்சுகத்திடம் போய்விடுவேன். விடாவிட்டால் மூன்று மணிக்கு நான் கூண்டில் ஏறி, இதே வார்த்தைகளை நீதிபதியின் முன் சொல்வேன். சாட்சி சொல்வதை எழுதுகிறவர் என் கணவர். நான் நிதானமாகச் சொல்வேன். அவர் எழுதி முடிக்கும் வரை ஒவ்வொரு வரிக்கும் காத்திருப்பேன்.

(ஒப்பம்) பூ. பெரியநாயகி