சவரிராயனை நான் பார்த்துக்கொண்ட விதம்

நேற்றே ஒரு போன் செய்திருந்தால் சங்கரா மீன் வாங்கி வைத்திருப்பேன், வித்யா சிஸ்டர். சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவரை வெறும் ரசம் சோறு சாப்பிட வைத்துவிட்டேன். இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்து ஒரு மாதம் ஆகிறது.

என் தம்பியின் இருதயப் பம்புக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த சார்ஜரையும் பேட்டரிகளையும் எடுத்துப்போக வந்தீர்கள். எல்லாவற்றையும் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். மிச்சமிருந்த டிரெஸ்ஸிங் உறைகளைப் பையில் போடும்போது ஒன்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தீர்கள். அப்புறம் இன்னொன்றை. பிறகு உட்கார்ந்துவிட்டீர்கள். கேட்கச் சங்கடப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

கடலூர் ஓல்டு டவுனில் பாத்திமா டீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, நாள் போய்விட்டது. ரிட்டயர் ஆன பிறகு மாதா கோயிலுக்குப் போவேன், வருவேன். சில நாட்களில் பால்காரனிடம் பேசுவதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

சவரிராயன் சிதம்பரத்தில், மரிய அருளின் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி இறந்த பிறகு அங்கேயே தனியாக இருந்தான். கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வருவான், மறுநாளே கிளம்பிவிடுவான். அவனுக்கு இருதயம் வீங்கிப்போய், உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனைத் திட்டத்தில் சேர்த்துப் பம்பு வைத்தது இரண்டாயிரத்துப் பதினொன்று மே மாதம். ஜூலையில் இங்கே கொண்டுவந்தேன்.

நீங்கள் சொல்லித்தந்த எதையும் நான் தவறவிடவில்லை. காலையில் எடை, காய்ச்சல், இடுப்பில் மாட்டிய பம்புப் பெட்டியில் தெரியும் எண்கள். உப்பு இல்லாத சமையல். தண்ணீர் அளந்து. இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. வயிற்றிலிருந்து பம்பின் ஒயர் வெளியே வரும் இடத்தைச் சுத்தம் செய்து தினமும் டிரெஸ்ஸிங். அது என் வேலை. கையுறை போட்டுக்கொண்டு அவன் வயிற்றருகே குனிவேன். பம்பு விடாமல் ஓடுவதால் அவன் கையைப் பிடித்தால் நாடி தெரியாது, ஆனால் காதை நெஞ்சில் வைத்தால் மிக்ஸி தூரத்தில் ஓடுவதுபோல ஒரு சத்தம். பக்கத்து அறையில் அந்தச் சத்தம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வந்தது.

அந்த டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல். பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. ஐஸ் பேக்டரி ஜெனரேட்டரில் பேட்டரியைச் சார்ஜ் போட ஒரு நாளைக்கு மூன்று தடவை விழுந்த மரங்களைத் தாண்டிப் போய்வந்தேன். "பம்புக்காரரோட அக்கா வர்றாங்க, வழி வுடுங்க" என்பார்கள். திரும்பி வந்தால் சவரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். "நீ இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேங்க்கா" என்று அவன் என் கையைப் பிடித்தபோது எனக்கு அறுபத்தாறு வயது. அதற்கு முன்னால் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. ஊரெல்லாம் அழுத அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நன்றாக இருந்தேன். இதைச் சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

பிப்ரவரியில் நீங்கள் போனில் அவனிடம், டிரெஸ்ஸிங்கை நீங்களே செய்யப் பழகுங்கள் சார் என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். கண்ணாடி முன் நின்று பத்தே நாளில் பழகிக்கொண்டான். புரூப் பார்க்கிறவன், ஒரு புள்ளி விடமாட்டான். கை கழுவும்போது வாய்க்குள் எண்ணுவான்.

ஏப்ரலில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, நான் சிதம்பரம் போறேன். மரிய அருள் ரூமுக்கு இன்வர்ட்டர் போட்டுத் தர்றேங்கறாரு. எத்தினி நாளைக்கி ஒன்ன அலைய வுடுறது?"

"எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லடா."

"எனக்கும் இப்ப எல்லாம் தெரியுதுல்ல. நீயும் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் என்றான். எட்டு வருடம் ரெஸ்டில் இருந்தவளிடம்.

அன்றைக்கு மத்தியானம் அவன் தூங்கும்போது ஓர் உறையின் ஓரத்தைக் கசங்காமல் பிரித்தேன். மீன் அரிந்த கையை நான் கழுவியிருக்கவில்லை. உள்ளே இருந்த துணியைத் தொட்டேன். ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, திரும்பவும் அடுக்கில் வைத்தேன். தையல்காரி கை, அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். இஸ்திரி சூட்டில் ஓரம் பழுப்பேறியிருப்பதை நீங்கள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டீர்கள். அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னும் சில உறைகளையும் அப்படியே பிரித்து ஒட்டினேன்.

மே மாதம் ஒயர் பக்கம் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், வீட்டில் ஆறு வாரம் மருந்து. டிரெஸ்ஸிங் மறுபடி என் கைக்கு வந்தது. அப்போது நல்ல உறைகளைத்தான் எடுத்தேன். புண் எவ்வளவு அழகாக ஆறியது என்று நீங்களே பாராட்டினீர்கள். ஆனால் அவன் மாறிப்போயிருந்தான். பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டான்.

"எங்கியோ ஒரு பிழ வுடுறேங்க்கா. எங்கன்னு தெரியல. கண்ணே சரியில்லபோல."

நான் இல்லை என்று சொல்லவில்லை. "வுடுடா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆகஸ்டில் அவனுக்குத் தெம்பு வந்தது. நீங்கள் போனில் தைரியம் சொல்லி, மறுபடி அவனையே செய்ய வைத்தீர்கள். பத்து நாளில் மரிய அருள் கார் அனுப்புவதாக ஏற்பாடு. சவரி சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

முதல் தடவை, இப்படி ஆகும் என்று தெரியாது என நான் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை தெரியும். கிருமி ரத்தத்தில் போனால் என்ன ஆகும் என்று மே மாதம் டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கியிருந்தார். பத்து நாளைக்குப் பத்து உறை. பத்தையும் பிரித்தேன்.

நான்கை அவன் உபயோகித்தான். மிச்சம் ஆறும் உங்கள் பையில் இருக்கின்றன.

ஐ.சி.யூ.வில் அவன் உதடு காய்ந்திருந்தது. "ஒழுங்காத்தாங்க்கா கை கழுவுனேன். சத்தியமா" என்றான்.

"தெரியும்டா" என்றேன். அது பொய் இல்லை.

இனி பலன் இல்லை என்று செப்டம்பர் பதினேழாம் தேதி பம்பை நிறுத்தினார்கள். கடைசிவரை அவன் கை என் கையில்தான் இருந்தது. நீங்களும் பார்த்தீர்கள்.

நீங்கள் போலீஸுக்குப் போன் செய்வதானால் செய்யுங்கள், நான் எங்கும் போகமாட்டேன். சொன்னதையெல்லாம் அவர்களிடமும் சொல்வேன், என் தம்பியைக் கொன்றது நான்தான் என்று கையெழுத்தும் போட்டுத் தருவேன். ஆனால் நீங்கள் ஒரு நர்ஸ், உங்களுக்குப் புரியும். அவனைத் தனியாக அனுப்பி, சிதம்பரத்தில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?