திங்கட்கிழமைக் கையெழுத்து

வேலை தேடி ஏரியூருக்குப் போன டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஒரு வாரங்கூட அவன் தவறலீங்கக்கா. தவறறது எம் பொண்ணுதான்” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“யாரு, உம் பொண்ணுகிட்ட தப்பா நடந்து உள்ள போனானே, அவனா?”

“அவனேதான். ஜாமீன்ல வந்துட்டான். திங்கக்கெழமயானா ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். காலையில இருக்கறது இந்த ஒரு பஸ்ஸுதான. அவளும் இதுலதான் பள்ளிக்கூடம் போவணும். அவன் ஏறுவான்னு அன்னிக்கு மட்டும் வூட்டவுட்டு வர மாட்டேங்கறா.”

“ஆபீசருங்க யாரும் வந்து கேக்கலியா?”

“போன வாரம் ஒரு மேடம் வந்தாங்க. அவன் ஒழுங்கா கையெழுத்துப் போடறானா, ஊர்லயே இருக்கறானான்னு கேட்டு டிக் போட்டாங்க. எம் பொண்ணு கதையச் சொன்னேன். ‘அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லீங்கம்மா’ன்னுட்டாங்க.”

“நம்மளுக்கு எந்தத் தாள்லதான் கட்டம் போட்டு வெச்சிருக்கறாங்க!”

இருவரும் சிரித்தார்கள். ஏரியூர் வந்ததும் ஜன்னலோரத்துப் பெண் பையிலிருந்த மனுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

“அவன் கையெழுத்துப் போடற நாள மாத்தச் சொல்லி எழுதியிருக்கறேங்கக்கா. ஞாயித்துக்கெழம ஸ்டேஷன் தொறந்துதான இருக்கும்?”

“அதுக்கேது லீவு?”

“அப்ப அன்னிக்கு வந்து போடட்டும்.”