ஒரே ஒரு ட்யூப்புக்கு ஓடிய மெஷின்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே, ஆய்வகத் தோழர்களே, என் பிரசவ வார்டுத் தங்கைகளே, அம்மாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் மகளே! பிரசவ வார்டின் தலைமை நர்ஸாக இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். அழத்தான் வந்தேன். முன்னால் பேசியவர்களைக் கேட்கக் கேட்க ஆத்திரம்தான் வருகிறது.

"பொறுமையின் சிகரம்" என்றார்கள். யார், நம்மை விட்டுப் போன ஆய்வக டாக்டரா, நாம் "ட்யூப் டாக்டர்" என்று கூப்பிட்டவரா? பொறுமையா! ரத்த ட்யூப்பைக் கையில் வாங்கினால், "சொல்லுடி கண்ணு, என்ன மறைக்கிறே?" என்று அதனிடமே சண்டை பிடிப்பாரே!

கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்த பிறகு நாம் ஓடுகிறோம். மூன்றாம் மாத ரத்தத்திலேயே, நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதம் குறைந்து எச்சரிக்கிறது. அப்போதே சின்ன மாத்திரை தொடங்கினால் பலரைக் காப்பாற்றலாம். இதைத்தானே தொண்டை வறளச் சொன்னார்! "சில நேரம் தப்பாவும் காட்டுமே" என்று நீங்கள் தட்டிக் கழித்ததற்கு, "குடை கொண்டு போய் மழை வரலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். இன்று மேடையில் இருக்கும் யாராவது அதைக் காதில் வாங்கினீர்களா?

நம் மருத்துவமனையில் என்ன வழக்கம்? செலவு மிச்சமென்று, சோதனைத் தட்டின் குழிகள் எல்லாம் நிறையும் அளவுக்கு ட்யூப்கள் சேர வேண்டும். அப்புறம்தான் மெஷின் ஓடும். ஆள் சேராமல் கிளம்பாத வேன் மாதிரி! அப்படிக் காத்திருந்த ட்யூப்களில் ஒன்று, ஒரு தையல்காரரின் மனைவியுடையது. மாதக்கணக்கில் அந்த ட்யூப் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. அவள் வலிப்போடு வந்து சேர்ந்தாள். தாயும் போனாள், பிள்ளையும் போனது. மறுநாள் வந்த ஒற்றை ட்யூப்புக்கே மெஷினை ஓட்டினார் நம் டாக்டர். "ஒரே ஒரு ட்யூப்புக்கா ஓட்டினீங்க? என்ன, உங்க வீட்டுச் சொத்தா?" என்று எல்லார் முன்னாலும் அவரை வைதது யார்?

ஐயா, முகத்தைத் திருப்பாதீர்கள். பிறகு உங்கள் மகளின் ட்யூப் வந்ததே! தட்டு நிறையவா காத்திருந்தீர்கள்? "இப்பவே ஓட்டிடும்மா" என்று ஆய்வக வாசலில் நின்றீர்கள். அவர் ஒரு சொல் குத்திக்காட்டவில்லை, ஓட்டினார். உங்கள் பேத்தி நலம், நன்றாக இருக்கட்டும். தையல்காரர் மனைவியும் ஒரு வீட்டு மகள்தானே, ஐயா?

ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைப்போம் என்றீர்கள். பெயர்ப் பலகையா ரத்தம் பார்க்கும்? அவர் படத்துக்கு முன் வார்டு சார்பில் சொல்கிறேன்: நாளைக் காலை மூன்றாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தியே வந்தாலும் ரத்தம் எடுப்போம், அப்போதே ஆய்வகத்துக்கு அனுப்புவோம். மெஷின் ஓடுமா, ஓடாதா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தையல்காரர் அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தாருங்கள் மைக்.