வீட்டோடு வாங்கிய வழக்கு

குயின் தெரு வீட்டில் கடல்காற்று தாராளமாக வரும், ஐயா. அதற்காகத்தான் வாங்கினேன். விலையும் மலிவு, வீட்டின் மேல் வழக்கு இருந்ததே.

வழக்குப் போட்டவர் அலாவுதீன். எதிரி அவருடைய ஒரே தங்கை சல்மா. வாப்பா, அதான் தகப்பனார், வீட்டைத் தனக்கே கொடுத்தார் என்றார் இவர். தனக்கும் பங்குண்டு என்று அவள் வீட்டை விட்டு நகரவில்லை. வழக்கு நடக்கும்போதே அலாவுதீன் அதை எனக்கு விற்றுவிட்டு, என் ஜவுளிக்கடை மாடியில் குடிவந்தார். மனைவி மக்கள் இல்லாத மனிதர்.

நடுவில் வாங்கியவனும் கோர்ட்டில் மனுப் போட்டு, விற்றவன் இடத்தில் நின்று வழக்கைத் தொடரலாம் என்றார் என் வக்கீல். போட்டோம். ஆனால் நீதிபதி அதை ஏற்கும்வரை வழக்கு அலாவுதீனுடையது. அதற்குள் அவரே வேண்டாம் என்றுவிட்டால், நான் எதைத் தொடர்வது? அது சிக்கல்தான் என்றார் வக்கீல்.

அந்த நேரம் பார்த்து அலாவுதீனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. படுக்கையில் விழுந்தால் மனிதனுக்கு மனம் இளகிப்போகிறது.

"தம்பி, வழக்க வாபஸ் வாங்கிக்கிறேன். வீட்டுக்கு நீங்க குடுத்த வெள்ளிய எண்ணித் திருப்பித் தந்துடுறேன். சல்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க லா," என்றார்.

அழைத்தேன், வர மறுத்துவிட்டாள் என்றேன். நான் போகவே இல்லை. பிறகு அவளே கஞ்சித் தூக்கோடு கடை வாசலுக்கு வந்தாள். உன் முகத்தில் விழிக்க மாட்டாராம் என்று சொன்னேன்.

"எங்க நானாவா அப்படிச் சொன்னாரு?" என்று அண்ணனைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீணாக்குவானேன் என்று நான்தான் குடித்தேன். நல்ல ருசி.

தேறியதும் முதல் வேலை கோர்ட்டுக்குப் போவதுதான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் கொடுத்த மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, போத்தலில் வேப்பிலைத் தண்ணீரை நிரப்பினேன். இரண்டும் கசப்புதானே. என் கையாலேயே புகட்டினேன், ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவர் எனக்காக அல்லாவிடம் துஆ கேட்டார். படியில் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். கடைசி நாள் தூக்க முடியவில்லை, கண் மட்டும் வாசல் பக்கம் இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

நீதிபதி என்னை அவர் இடத்தில் சேர்த்துக்கொண்டார். ஆனால் வாதாட ஒன்றும் மிஞ்சவில்லை. சல்மா கூண்டில் ஏறி, "எங்க நானாவே என்ன வெறுத்துட்டுப் போயிட்டாரு. இனி எனக்கு அந்த வூடு எதுக்கு?" என்று சொல்லி, சாவியை என் வக்கீலிடம் நீட்டினாள்.

புது வீட்டுக்குக் குடிபோகும்போது மாடியைக் கூட்டினேன். மருந்துப் போத்தல் கிடைத்தது. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது, டாக்டருக்கே கொடுத்தனுப்பினேன். அடியில் வேப்பிலை ஒன்று ஒட்டியிருந்ததை அவர் உங்களிடம் காட்டினாராமே.

அலாவுதீனைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கையைப் பிரித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அந்தப் பகை அவர்களுடையது. நான் நடுவில் வாங்கியவன், தொடர்ந்து நடத்தினேன், அவ்வளவுதான்.