நான்காவது போல்ட்

அந்தப் பாறை அப்படியொன்றும் உயரமில்லை, மேடம். பன்னிரண்டு மீட்டர். வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைகள் அதைவிட உயரம். கங்கைகொண்டான் தாண்டி, உடைமரங்களுக்கு நடுவே நிற்கிற வெறும் கருங்கல். பின்பக்கம் ஆடுகள் ஏறும் சரிவு உண்டு. நானும் சுந்தரும் ஏறியது செங்குத்தான முன்பக்கம்.

அங்கே ஆடு மேய்க்கும் பரமசிவன் முதல் நாளே கேட்டார். “பொறத்தால நடந்தே ஏறலாம்லா வே. இங்கன என்னத்துக்குப் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கீரு?”

“பின்னால ஆடு ஏறுது. ஆடும் நானும் ஒண்ணா அண்ணாச்சி?” என்றான் சுந்தர்.

“ஆட்டுக்கு அறிவு இருக்கு வே.”

முன்பக்கத்தில் நாங்கள் பாறையைத் துளைத்து, வளையம் வைத்த ஆறு இரும்பு போல்ட்டுகள் அடித்திருந்தோம். ஏறுகிறவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வான். ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, கயிற்றை அதற்குள் போட்டபடி மேலே போவான். கீழே ஒருவன் கயிறு பிடிப்பான். ஏறுகிறவன் விழுந்தால் கடைசியாக மாட்டிய போல்ட்டில் தொங்குவான். உயரமான பாறையில் விழுந்தால் கீழே காற்று இருக்கும். குட்டைப் பாறையில் தரை இருக்கும். அதனால் கயிறு பிடிப்பவன் தேவைக்கு மேல் ஒரு கைநீளம்கூடத் தளர்த்தக் கூடாது. இதைச் சுந்தருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மூன்றாவது போல்ட் வரை எனக்குத் தொந்தரவில்லை. நான்காவதை மாட்ட, வலது கையின் இரண்டு விரல் நுனிகளை ஒரு விளிம்பில் வைத்துவிட்டு இடது கையை எடுக்க வேண்டும். விளிம்பு ஒரு புளியங்கொட்டை அகலம். அங்கே என் தொடை ஆடத் தொடங்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் போல்ட் தூரமாகப் போகும். மூன்று வருடம், ஞாயிறு தவறாமல் அந்த இடத்துக்குப் போய்த் திரும்பினேன். ஒரு முறை கால்சட்டை நனைந்துவிட்டது. சுந்தர் என்னை இறக்கினான். தண்ணீர் பாட்டிலை என் மடியில் கவிழ்த்தான். “பாட்டில் சாஞ்சுட்டு அண்ணாச்சி” என்று பரமசிவனிடம் சொன்னான். பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் நல்லவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஏறி முடிப்பவன்தான் அந்த வழிக்குப் பெயர் வைப்பான். அது எங்கள் வழக்கம். சுந்தர் எப்போதோ முடித்திருப்பான். எனக்காக நான்காவது போல்ட்டோடு இறங்கிவிடுவான்.

“நீ மொதல்ல முடிச்சிருலே. நான் அப்பொறம் பாத்துக்கிடுதேன்.”

“கை வர மாட்டேங்குது.”

“பயமெல்லாம் மண்டைக்குள்ளதாம்லே இருக்கு. பைய ஏறு.”

சொல்லிவிட்டுச் சீட்டியடிப்பான். அந்த விளிம்பில் இரண்டு விரலில் தொங்கும்போதும் சீட்டியடிப்பான்.

பயம் எப்படியிருக்கும் என்று அவனிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். புரியவில்லை. ஒரு தடவை காட்டினால் புரியும் என்று தோன்றியது. நண்பர்களுக்குள் அது பெரிய குற்றமில்லை.

ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். சிமெண்டு சாக்கில், சுந்தரின் எடைக்குச் சரியாக மண் நிரப்பி, மூன்றாவது போல்ட் வழியாகப் போட்ட எங்கள் கயிற்றின் நுனியில் கட்டினேன். பரமசிவன் பின்பக்கமாக ஏறி, மேலேயிருந்த கல்லில் வேறொரு கயிற்றைச் சுற்றி, மூட்டையை நான்காவது போல்ட் உயரத்தில் தொங்கவிட்டார்.

“என்ன வே, மூட்டைக்கு மலையேத்தம் படிச்சுக் குடுக்கீரா?”

“கயிறு தாங்குதான்னு பாக்கேன் அண்ணாச்சி.”

நான் எங்கள் கயிற்றைப் பிடித்துத் தலையசைத்ததும் அவர் தன் கயிற்றை விட்டுவிட்டார். இரண்டு கைநீளம் தளர்த்தியிருந்தேன். மூட்டை என் முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அதே இடம்.

அந்த ஞாயிறு காற்றே இல்லை. சுந்தர் மூன்றாவது போல்ட்டை மாட்டிவிட்டு விளிம்புக்குப் போனான். சீட்டி கேட்டது. பிறகு நின்றது.

“வழுக்குதுலே. பிடி.”

தெளிவாகக் கேட்டது. நான் கயிற்றை விட்டேன். அதன் பிறகு பிடித்தேன்.

விழும்போது அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் பயமே இல்லை. நான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தான். கீழே ஆட்டுரல் அளவில் ஒரு கல் கிடந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில் இறந்தான்.

“அந்தத் தம்பி கயித்தக் கடைசி வரைக்கும் கையில வச்சிருந்தாரு” என்று பரமசிவன் உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னார். அது உண்மை. விபத்து என்று எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

அதெல்லாம் முடிந்து நாற்பது நாள் ஆகிறது. நேற்று சுந்தரின் மனைவி சுப்ரஜா வந்தாள். அவனுடைய கயிற்றை அழகாகச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள்.

“வைத்தியண்ணா, ஞாயித்துக்கெழம அங்கன போவோம். நீங்க ஏறி முடிச்சு அவுக பேர வைங்க. நான் கயிறு பிடிக்கேன். அவுக எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காக.”

அவள் கயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள். “நாலாவது போல்ட்டுகிட்ட எம்புட்டு விடணும்ணா?”

வெறுமனே கேட்டாள். அவள் கண்ணில் வேறொன்றும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். இரவு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. அதனால் இன்று காலை நானாக இங்கே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

பரமசிவனைக் கூட்டிவந்து வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். மூட்டையைப் பற்றிச் சொல்லியிருப்பார். இரண்டு கைநீளத்தில் மூட்டை தரைக்கு மேலேயே நின்றதே, பிறகு எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அன்று நான்கு விட்டேன். இரண்டுக்கு அவன் பயப்பட மாட்டான். அது எனக்கு அந்த வியாழக்கிழமையே தெரியும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள், மேடம். இன்று சனிக்கிழமை. நாளைக்கு என்னை வெளியே விட மாட்டீர்கள் அல்லவா?