நேரில் வந்து அழைத்தால்

சோப்புத் தண்ணீர் இருந்தால் போதும் ஐயா, ஆக்சிஜன் சிலிண்டரில் எங்கே கசிகிறது என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். பூசிய இடத்தில் எங்கே நுரைக்கிறதோ அங்கேதான் கோளாறு. ஆனால் அதைச் சரிசெய்யப் புதுக்கோட்டையில் என்னை விட்டால் ஆளில்லை. வெல்டிங் பட்டறைக்காரன் நான்; ஆஸ்பத்திரிச் சிலிண்டர்களையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

என் தங்கை செவந்தியின் கணவர் நல்லதம்பி தங்கமான மனிதர். ஐம்பத்தொன்பதாம் வருஷம் அரிமளத்தில் மகளுக்குக் காது குத்தினார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். அந்தத் தாய்மாமனுக்கு ஒரு தபால் கார்டு போட்டார். வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கூப்பிடவில்லை. நான் போகவில்லை. ஒன்றுவிட்ட தம்பி மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. மூன்று வருடம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் நல்லதம்பிக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். வழக்கம்போல் காலையில் சிலிண்டரைப் பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கசியாமல் அடைத்திருந்த நல்ல வாஷரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விரிசல் விட்டதை மாட்டினேன். காற்று மெதுவாகத்தான் போகும். மாற்றுச் சிலிண்டர் திருச்சியிலிருந்து வரவேண்டும். ஆக, என்னைக் கூப்பிட்டே தீரவேண்டும். கொஞ்சம் விளையாட்டுப் புத்தி எனக்கு உண்டு.

பதினோரு மணிக்குக் கம்பவுண்டர் லூர்துநாதன் சைக்கிளில் வந்தார். மீட்டர் முள் இறங்கிக்கொண்டே போகிறதாம். வீட்டு ஆள் வந்து கூப்பிடுவதுதான் முறை என்று பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அரைமணி கழித்துச் செவந்தியே ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை.

"அண்ணே, வாங்கண்ணே. அவருக்கு மூச்சுத் தெணறுது."

"இப்புடி நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்புட்டா, நான் வரமாட்டேனாத்தா?" என்றேன். மனசு குளிர்ந்துவிட்டது. சலவைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முள் பூஜ்யத்தில் நின்றது. மாப்பிள்ளையின் கண்கள் திறந்தே இருந்தன. இருந்தாலும் கூப்பிட்ட வேலையைப் பாதியில் விட எனக்கு மனம் வரவில்லை. நல்ல வாஷரை மாட்டி, சோப்புத் தண்ணீர் பூசிக் காட்டினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. காலிச் சிலிண்டரில் எப்படி வரும் என்று லூர்துநாதன் கேட்டார். அவருக்குத் தொழில் தெரியாது.

மாப்பிள்ளைமேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை ஐயா. துக்க வீட்டுக்கு மட்டும் யாரும் வந்து அழைக்கவேண்டியதில்லை. அதனால் முறை தவறாமல் முதல் ஆளாகப் போய் நின்றேன்.