ஆறு வாரமும் ஒரே முகம்

வீட்டில் நல்ல உருவப்படம் எடுக்க விலையுயர்ந்த விளக்குகள் எதுவும் வேண்டாம். மலிவான பிளாஷ் இரண்டு, அவற்றைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளிவைத்து இயக்க ஒரு டிரிக்கர், பட்டர் பேப்பர், கொஞ்சம் பொறுமை. எனக்குப் பொறுமை உண்டு. அப்பாவுக்கும் உண்டா என்பது அவருக்குப் பக்கவாதம் வரும்வரை தெரியாமல் இருந்தது.

அக்காதான் இதை எழுதித் தரச் சொன்னாள். "நடந்ததை நடந்தபடி எழுது. எதையும் அழகுபடுத்தாத" என்றாள். நான் எப்போதும் எதையும் அழகுபடுத்துவதில்லை. வெளிச்சம் மட்டும்தான் போடுகிறேன்.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஓரிடத்தில் உட்காரமாட்டார், வாயும் ஓயாது. நாற்காலியில் அமர்த்தி நான் வெளிச்சத்தைச் சரிபார்ப்பதற்குள் எழுந்து போய்விடுவார். "டேய், படம் எடுக்குறியா, எக்ஸ்ரே எடுக்குறியா" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் படத்தைக் காட்டி, இதில் இருப்பது நான்தானாம், பையன் சத்தியம் பண்ணுகிறான் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு மனத்தாங்கல் ஏதும் இருந்ததில்லை.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம், பேச்சு, எல்லாம் ஒன்றாகப் போயின. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், உட்காரவைத்தால் உட்கார்ந்தபடியே இருந்தார். அம்மா பள்ளி நூலக வேலைக்குப் போயாக வேண்டும். அக்கா வேறு ஊரில் இருந்தாள். எனக்குக் கல்லூரி விடுமுறை. ஆகவே பகல் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொள்வது நான் என்று ஏற்பாடானது. கேமரா வழியாகத்தான் என்றாலும், நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

ஒரு பிளாஷைத் திரைச்சீலைக் கம்பியின் நுனியில் கட்டி, கம்பியை மண் நிரப்பிய வாளியில் நட்டு, வெளிச்சம் மென்மையாக விழ பட்டர் பேப்பரை முன்னால் ஒட்டி, அப்பாவின் வலப்பக்கம் நிறுத்தினேன். இன்னொன்றை அவருக்குப் பின்னால் தரையில் வைத்தேன், தலைமுடி சுவரோடு ஒட்டாமல் பிரிந்து தெரிய. தொங்கிப்போன பாதி முகம் வெளிச்சத்தில், நல்ல பாதி இருட்டில். பாசமுள்ள பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். அதனால்தான் பாசமுள்ள பிள்ளைகள் எடுக்கும் படங்கள் கைப்பேசியைத் தாண்டுவதில்லை.

இணையத்தில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். ஒரே முகம், ஒரே வெளிச்சம், வாரத்துக்கு ஒன்றாக ஆறு படங்கள். இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் ஒன்றை வலியுறுத்துவார்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அசையக்கூடாது. அதை நான் சிரத்தையாகக் கடைப்பிடித்தேன். நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டினேன். பிளாஷிலிருந்து அப்பாவின் மூக்குவரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டேன். ஆறு வாரத்துக்கும் ஒரே சட்டை.

இரண்டாம் வாரம் நூல் சரியாக இருந்தது, சட்டை சரியாக இருந்தது. வாய் மட்டும் சரியாக இல்லை. அது குணமாகத் தொடங்கியிருந்தது.

விசாரித்ததில் காரணம் பிசியோதெரபிஸ்ட். வாரம் மூன்று நாள் வந்து அப்பாவின் கன்னத்தைப் பிடித்துவிட்டு, கையை மடக்கி நீட்டி, சிரிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். ஆனால் நூல் பிடித்து அளந்து வைத்த இடத்தில் கைவைக்கிறவர் வீட்டிலேயே அவர் ஒருவர்தான். போன் செய்து, அப்பாவை உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம், வந்ததும் சொல்கிறோம் என்றேன்.

"சரிங்க தம்பி. ரொம்ப நாள் விட்டுடாதீங்க. முதல் மூணு மாசம்தான் முக்கியம்" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது நான்கு வாரம். மூன்று மாதத்தில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

ஒரே வாரத்தில் வாய் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் தவறாமல் வந்து போவதாக அம்மாவிடம் சொல்லிவந்தேன். "என்னடா, அவரும் வராருங்கற, ஒரு முன்னேற்றத்தையும் காணோமே" என்று கேட்டாள். இதெல்லாம் மெதுவாகத்தான் ஆகும்மா என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

நான்காம் வாரம் அப்பாவே பிரச்சினை கொடுத்தார். எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து, யாரும் சொல்லாமலே, வாயைக் கோணி ஆ, ஊ என்று பழகிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். பிளாஷ் அடிக்கும் அறையில் கண்ணாடி இருக்கக்கூடாது என்பதை எந்தப் புகைப்படக்காரரும் ஒப்புக்கொள்வார். அவர் பிசைந்து பழகவேண்டிய ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து, வழுக்கிக்கொண்டிருந்த வாளிக்கு அடியில் கொடுத்தேன். ஒரு பொருளையும் வீணாக்கும் வழக்கம் எனக்கில்லை.

முதல் பரிசு கிடைத்தது. 'காலமே உறைந்து நிற்கும் முகம்' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். உறையவைப்பதற்கு நான் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்கா அந்த ஆறு படங்களையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் வைத்தியத்தில் முதல் படத்துக்கும் ஆறாவதுக்கும் ஒரு மயிரிழைகூட மாறவில்லையே என்று பிசியோதெரபிஸ்டுக்கே போன் செய்திருக்கிறாள். அப்பா இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லையா என்று அவர் கேட்டாராம். அன்றே பஸ் ஏறி வந்துவிட்டாள். என்னை அடிக்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். அம்மா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பயிற்சி மறுபடி தொடங்கியிருக்கிறது. கால் வரலாம், கையும் ஓரளவு வரலாம், பேச்சுக்கு உறுதி சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். அவர்கள் எதற்குத்தான் உறுதி சொன்னார்கள்.

ஆம், பயிற்சியை நான்தான் நிறுத்தினேன். ஆனால் அப்பாவுக்கு என்மேல் வருத்தமில்லை என்பதையும் சேர்த்து எழுதத்தான் வேண்டும். நேற்று மதியம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்த வலது கை மெல்ல மெல்ல எழுந்தது. விழுந்த நாளிலிருந்து முதல்முறை. உயர்ந்து வந்து, அவர் முகத்தை மூடிக்கொண்டது. கண் கூசியிருக்கும். பக்கத்தில் நின்ற அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். ஜன்னல் சாத்தியிருந்தது, உன் கையில் கேமராகூட இல்லை என்கிறாள்.